லிந்துலையில் கேட்ட அமெரிக்கத் தேர்தல்

நவம்பரில் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் போகலாமா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். போகலாம், மழை இருக்கும். அந்தப் பாதையில் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். சொல்லும்படியான பயணம் என்று பார்த்தால் ஒன்றுதான், 1964 நவம்பர் முதல் வாரத்தில் போனது. கீழே வரும் கட்டணங்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். தூரங்களை நம்பலாம்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. என் அக்கா ரோஸ்லின் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். அவள் கணவர் ஞானமுத்து அங்கே டீமேக்கர். பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குள் வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைபடும்வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அக்டோபர் கடைசி வாரத்தில் தோட்டத் தமிழர்களை என்ன செய்வது என்று இந்தியாவும் இலங்கையும் டில்லியில் பேசிக்கொண்டிருந்தன. அந்த வாரம்தான் அக்கா எனக்கு எழுதினாள்.

"தம்பி, திருச்சிக்கே போயிடுவோம்னு நான் சொல்றேன். இவரு சரின்னும் சொல்ல மாட்டேங்குறாரு, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்குறாரு. அமெரிக்காவுல யாரு ஜெயிப்பான்னு ரேடியோவைத் திருகிக்கிட்டு இருக்காரு. நீ வந்து ஒரு வார்த்தை பேசு."

சனிக்கிழமை கடிதம் கைக்கு வந்தபோது பேப்பரில் ஒப்பந்தமும் வந்துவிட்டது. ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சமிருக்கும் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வார்கள். நாங்கள் இந்த மூன்றில் எதில் வருவோம் என்று பேப்பரில் போடவில்லை. முதலாளியிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். தீபாவளிக்கா என்றார். ஆமாம் என்றேன். நான் கிறிஸ்தவன் என்பது அவருக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில். தலவாக்கலைவரை நூற்றுப் பதினாறு மைல், மூன்றாம் வகுப்பில் நான்கு ரூபாய் முப்பது சதம். தீபாவளிக்கு ஊர் போகும் கடைச் சிப்பந்திகள் பெட்டி முழுக்க நின்றார்கள். நாவலப்பிட்டிவரை நானும் நின்றேன். அங்கே வண்டி இருபது நிமிடம் நிற்கும். இறங்கி ஒரு வடை தின்னலாம். அதற்கு மேல் ஏற்றம், குளிர். ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும், ஜன்னலை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். எப்போதும் சுரங்கத்துக்குள் கூச்சல் போடுவார்கள். அன்று யாரும் போடவில்லை. எல்லாரும் ஒரே பேப்பரைக் கைமாற்றிப் படித்திருந்தார்கள்.

மூன்றரை மணிக்குத் தலவாக்கலை. அங்கிருந்து லிந்துலைக்கு மூன்று மைல், பஸ்ஸில் இருபது சதம். லிந்துலையிலிருந்து தோட்டத்துக்கு நான்கு மைல் ஏற்றம், மழையும் பிடித்துவிட்டதால் வாடகைக் கார் வைத்தேன். நான்கு ரூபாய். ஓட்டியவர் பண்டா என்ற சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"மாத்தயா இந்தியாவுக்குப் போறதா?" என்று கேட்டார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.

"தெரியாது."

"எங்க வீட்டுலயும் அதான் பேச்சு. நீங்க எல்லாம் போனா இந்தக் கார்ல ஏறுறதுக்கு யாரு இருக்கா?"

அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, விரல்களில் தேயிலைக் கறை. நான் கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "மாப்ளே, கொழும்புல என்ன சொல்றாங்க? நம்ம ஆளு வருவாரா?"

நம்ம ஆள் என்று அவர் சொன்னது அமெரிக்காவில் யானைச் சின்னக் கட்சியின் வேட்பாளரை. தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை, வெள்ளைக்காரர், படித்து முடித்த அமெரிக்கப் பத்திரிகைகளை மச்சானுக்குக் கொடுத்தனுப்புவார். மூன்று வருடமாக மச்சான் அவற்றை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்திருந்தார். மரஅலமாரியில் பைபிளுக்குக் கீழ்த் தட்டு முழுவதும் அவைதான்.

அக்கா சோறு போட்டாள். சாப்பாடு முழுக்க அமெரிக்காதான். மச்சானின் கருத்துகளை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அவர் விளையாட்டாகப் பேசியவர் அல்ல.

"வறுமையை ஒழிக்கிறேன்னு இப்ப இருக்குறவரு சொல்றாரு. கேக்க நல்லாருக்கு மாப்ளே. ஆனா ஒழிக்கிறதுக்குக் காசு யாரு காசு? உழைச்சவன் காசு. அவன்கிட்ட வாங்கி இவனுக்குக் குடுக்குற அரசாங்கம் நாளைக்கு இவன்கிட்ட வாங்கி வேறொருத்தனுக்குக் குடுக்கும். நம்ம ஆளு அதைத்தான் சொல்றாரு. அரசாங்கம் சின்னதா இருக்கணும். மனுசனை அவன் பாட்டுக்கு விடணும்."

"அவர் வந்தா அணுகுண்டைப் போட்டுருவாருன்னு சொல்றாங்களே மச்சான்."

"பயங்காட்டி ஓட்டு வாங்குற வேலை அது. சிவப்புக் கொடிக்காரன்கிட்ட உறுதியா நிக்கணும்னுதான் சொன்னாரு. இங்க இலங்கையிலயே பாருங்க, சிவப்புக்காரங்களை மந்திரியாக்கி வச்சிருக்காங்க. எண்ணெய்க் கம்பெனியைப் புடுங்கியாச்சு. நாளைக்குத் தோட்டத்தைப் புடுங்குவாங்க. அப்புறம் துரை இருக்க மாட்டாரு, அவரு இடத்துல ஒரு கட்சிக்காரன் உக்காந்திருப்பான்."

அக்கா குழம்புச் சட்டியைக் கொஞ்சம் ஓசையாகவே கீழே வைத்தாள். "அமெரிக்காக்காரன் யாரை வச்சிக்கிட்டா நமக்கென்னங்க? நாம எங்க இருக்கப் போறோம், அதைச் சொல்லுங்க."

அவர் கை கழுவ எழுந்துபோனார். அன்று நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறு மணி நேரப் பயணத்தின் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தீபாவளி, தோட்டத்தில் வேலை இல்லை. காலை பத்து மணிக்கு சன்னாசி என்பவர் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். அவர் தோட்டத் தொழிற்சங்கக் கமிட்டியின் தலைவர். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் அவர் பொறுப்பு. மச்சானுக்கும் அவருக்கும் சங்க விஷயத்தில் ஒத்துப்போகாது, ஆனாலும் இருபது வருடப் பழக்கம். மச்சான் அவருக்கு நாற்காலி போட்டார். அன்றுதான் அமெரிக்காவில் வாக்குப் பதிவு என்று தொடங்கி, தன் ஆளைப் பற்றி ஒரு பாட்டம் சொன்னார்.

சன்னாசி பொறுமையாகக் கேட்டார். "அவங்க சின்னம் யானைங்களாய்யா?"

"ஆமா தலைவரே."

"யானைன்னா இங்கேயே எங்களுக்குப் பயங்க." இலங்கையிலும் ஒரு பெரிய கட்சிக்கு யானைதான் சின்னம். மச்சான் சிரித்தார். சன்னாசி சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த ஊருல கறுப்பு ஆளுங்களுக்குச் சம உரிமை குடுக்கச் சட்டம் கொண்டாந்தாங்களாமே. உங்க ஆளு அதுக்குக் கை தூக்கலைன்னு சங்கத்துப் பேப்பர்ல போட்டிருந்தான். மெய்தானுங்களா?"

மச்சானுக்கு விடை தெரியும். பத்திரிகையில் படித்திருந்தார். "மெய்தான். ஆனா அவரு கறுப்பு ஆளுங்களுக்கு விரோதி இல்ல. ஒருத்தன் கடையில யாரைச் சேக்கணும்னு மேல இருக்குற அரசாங்கம் சொல்லப்படாது, அந்தந்த ஊருக்காரங்க பாத்துக்கணும்னு சொல்றாரு. அது ஒரு கொள்கை."

"கொள்கைதாங்கய்யா. நம்ம ஓட்டைப் பறிச்சப்பவும் கொள்கைதான் சொன்னாங்க."

இதைச் சொல்லிவிட்டு சன்னாசி அதிரசத் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். குரலை உயர்த்தவே இல்லை. 1947 தேர்தலில் அவர்கள் இருவரும் லிந்துலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள். அடுத்த தேர்தலில் இருவர் பெயரும் பட்டியலில் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு, இலங்கை யானைச் சின்னக் கட்சியின் ஆட்சியில், தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று ஒரு சட்டம், அதன் பின்னால் ஓட்டும் இல்லை என்று இன்னொரு சட்டம். பிறகு மச்சான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நடுவில் எட்டு மாதம் திருச்சியில் இருந்தாரே என்று தள்ளிவிட்டார்கள். அவருடைய அப்பாவின் சாவுக்குப் போனவர், காய்ச்சலில் படுத்துவிட்டார், அவ்வளவுதான்.

சன்னாசி போன பிறகும் மச்சான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும், "அதுல நம்ம ஆளு செஞ்சது தப்புதான் மாப்ளே" என்றார். பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு, "மத்ததுல சரி" என்றார்.

புதன்கிழமை காலை ரேடியோவில் முடிவு சொன்னார்கள். அவருடைய ஆள் சாதாரணமாகத் தோற்கவில்லை, படுதோல்வி. ஆறே மாநிலங்கள். மச்சான் ரேடியோவை அணைத்து, அதன் மேல் துணியைப் போட்டு மூடி, தொப்பியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் பின்னாலேயே போனேன். இன்று எப்படியும் பேசிவிட வேண்டும்.

தொழிற்சாலையில் அவருக்குக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை உண்டு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போகும்போது பெரிய துரை உள்ளே வந்தார். அந்தக் காலத்துத் துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதியவர்கள், ஓரளவு பேசுவார்கள்.

"டீமேக்கர், எலெக்ஷன் போச்சு."

"ஆமா சார்."

"சரி. ஒரு லிஸ்ட் வேணும். ஃபேக்டரி ஆளுங்கள்ல இந்தியா போறது யாரு, இருக்குறது யாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

துரையின் மேல் தவறு சொல்ல முடியாது. அத்தனை பேரும் போய்விட்டால் தேயிலைக்கு ஆள் வேண்டும், அவருக்கு அந்தக் கவலை. மச்சான் எழுந்து நின்றார். மேசையின் மேலிருந்த பென்சிலை எடுக்கவில்லை.

"மன்னிக்கணும் சார். தூள் எத்தனை ராத்தல்னு கேளுங்க, இப்பவே தர்றேன். ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு என்னால எழுத முடியாது. அது அவனவன் விஷயம். அரசாங்கத்துக்குத் தெரியணும்னா அரசாங்கம் வந்து அவங்களையே கேக்கட்டும்."

வெளியே ரோலர் சத்தம். சன்னாசி கையில் துணியோடு நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை முகம் சிவந்து சொன்னார். "நீங்க கமிட்டித் தலைவர் மாதிரிப் பேசுறீங்க."

"இல்ல சார். நீங்க குடுத்த பத்திரிகையில படிச்சதுதான்."

துரை வெளியே போய்விட்டார். மச்சான் உட்கார்ந்தார். டீமேக்கர் வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். இரண்டையும் இழந்துவிட்டால் அவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்குக்கூட அர்த்தம் இருக்காது. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று மாலை அக்கா மறுபடியும் கேட்டாள். இந்த முறை அவர் எழுந்துபோகவில்லை. "இங்கதான் ரோஸ்லின். என்னைக் கேக்காம ஓட்டை எடுத்தாங்க, என்னைக் கேக்காம அனுப்பக்கூடாது. உனக்குப் போகணும்னா சொல்லு, நான் தடுக்கல."

"உங்களை விட்டுட்டு நான் எங்க போக" என்றாள் அக்கா. அதில் சந்தோஷம் இல்லை, கோபமும் இல்லை. பத்து வருடம் ஒரே பேச்சைப் பேசிக் களைத்தவளின் குரல் அது. வியாழக்கிழமை நான் கொழும்புக்குத் திரும்பினேன்.

துரை அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஒருவர் இரண்டே நாளில் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதற்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது, ஆபீஸ் மேசைக்குள் போனது அங்கேயே கிடந்தது. பத்திரிகைகள் மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. சன்னாசி குடும்பம் சில வருடம் கழித்துத் தலைமன்னாரில் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போனது. அங்கேயும் தேயிலைதான் என்று ஒரு கடிதம் போட்டார். மச்சானுக்கும் அக்காவுக்கும் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. இரண்டு விண்ணப்பம், மூன்று விசாரணை, கண்டிக்கு ஆறு தடவை அலைச்சல். 1977இல், அறுபதாவது வயதில், வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவர் ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று நான் கேட்டேன். "அதைச் சொல்லாம இருக்குறதுக்குத்தான் மாப்ளே மறைப்பு கட்டியிருக்காங்க" என்றார்.

அவருடைய கருத்துகளில் பாதியை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டில்லாத மனிதன் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் யார் ஜெயிக்க வேண்டும் என்று கவலைப்பட்டது அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. தன் ஊரில் அபிப்பிராயம் சொல்ல இடமில்லாதவருக்கு அதைச் சொல்ல வேறு எந்த ஊர் இருந்தது என்று யோசிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

இனிப் போகிறவர்களுக்கு. நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம், குடையைவிட மழைக்கோட்டு நல்லது. ரயிலில் நாவலப்பிட்டிக்கு மேல் கதவோரம் நிற்காதீர்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெரியவர்கள் தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். அரசியல் பேச்சு வந்தால் எந்தக் கட்சி என்று ஆரம்பிக்க வேண்டாம். எந்த வருடத்திலிருந்து உங்களுக்கு ஓட்டு இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லி முடிக்க நேரமாகும். லிந்துலையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போன உடனே விசாரித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் தலவாக்கலைவரை மூன்று மைல் நடைதான்.