ஜெபமணியின் இரண்டு தழைதின்னிகள்

ஜெபமணி ஆசிரியை பொந்தியான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, பள்ளி வாசலில் நின்ற தாய்மாரில் ஒருத்தி, "அந்தக் கொய்யா மரந்தான் கொண்டுபோயிருச்சு" என்றாள். ஜெபமணியாக இருந்தால் அதை மறுத்துச் சொல்லியிருப்பார். பதில் சொல்வதில் அவருக்கிருந்த ஆசை அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளியில் நாங்கள் இருவர்தாம் ஆசிரியைகள். சென்ற மழைக்காலத்தில், பள்ளிக்குப் பின்னாலிருந்த கொய்யாவில் ஓர் இலை நடந்துபோவதை ஒரு சிறுமி பார்த்துவிட்டாள். மறுநாள், மரத்தில் பேய் இருக்கிறதென்று யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். வகுப்பில் பாதி காலி. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிட்டு அவர்களைப் புல் பிடுங்க அனுப்புவதாகத் தோட்டத் துரை முன்பே சொல்லியிருந்தார்.

"முதல்ல அது என்ன தின்னுதுன்னு பாருங்க." எதைக் கண்டாலும் ஜெபமணி சொல்வது இதுதான். அன்றும் அதைச் சொல்லிக்கொண்டே மரத்தடிக்குப் போனார். நடந்த இலை, இலைபோலவே தோன்றும் ஒரு பூச்சி; அதைக் கையில் ஏந்தித் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே நடந்தார். நானும் போனேன்.

அங்கிருந்த பெண்களில் பலர் ராமநாதபுரத்து வறண்ட காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பிள்ளையாருக்கு எருக்கம்பூ பறிக்கையில் செடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி இருக்குமே, நினைவிருக்கிறதா என்று ஜெபமணி கேட்டார். கையில் பீய்ச்சுமே என்று ஒருத்தி முகம் சுளித்தாள். அதுவும் தழைதின்னி, இதுவும் தழைதின்னி என்றார் ஜெபமணி.

"அது பூச்சின்னு பாத்தாலே தெரியும், வாத்தியாரம்மா. இது ஏன் வேசம் போடுது?"

"அது எருக்கம்பாலுல வளருது. பட்டுச்சேலை கட்டின மாதிரி வெட்டவெளியில உக்காந்திருந்தாலும் காக்கா தொடாது. இது தின்னுறது கொய்யாத் தழை. ஒடம்புல ஒரு வெசமும் இல்ல. ஒளியாம என்ன பண்ணும்?"

"அப்ப எங்க மாமியா எருக்குல பொறந்தவ" என்றாள் இன்னொருத்தி. ஜெபமணி பூச்சியின்மேல் மெல்ல ஊதினார். காற்றில் இலை ஆடுவதுபோல் அது ஆடியது. சிரித்தவர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

அவருக்கு அது போதவில்லை. எருக்கு வெட்டுக்கிளிக்குக் கொய்யாத் தழை கொடுத்தால் தின்னுமா, தின்றால் அந்தத் துணிச்சல் போய்விடுமா என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும்போது பார்த்துவிடுவதாகச் சொன்னார். போகவில்லை.

எதையாவது கண்டு நான் பின்வாங்கும்போது, அது என்ன தின்கிறது என்ற கேள்வி இப்போது முதலில் வருகிறது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

அவரை அடக்கம் செய்த வாரம் யாரோ அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் விழுந்த கிளைகளிலிருந்து பூச்சிகளைப் பொறுக்கி, லயத்துக்குப் பின்னாலுள்ள ரம்புத்தான் பழமரங்களில் விட்டார்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். ஒருவரும் குறையவில்லை.