பதினேழாம் தேதி யூரியா

கள்ளக்குறிச்சி உரக்கடையில் ராஜாங்கம் கணக்கு எழுத உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம். கடனுக்கு யூரியா போனால் வாங்கியவர் பேரில் பற்று, விற்பனையில் வரவு. சொன்ன கெடுவில் பணம் வராவிட்டால் ஆளை உட்காரவைத்து, ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டில் கையெழுத்து வாங்குவார். உடனே அவர் பேரில் இருந்த பாக்கியைக் கழித்து, நோட்டுக் கணக்கில் பற்று எழுதிவிடுவார். இதில் தேதிதான் உயிர். மூன்று வருஷம் தாண்டினால் நோட்டு செத்துப்போகும், கோர்ட்டில் செல்லாது.

செத்த நோட்டை எழுப்ப முதலாளிக்கு ஒரு வழி தெரியும். நோட்டின் பின்பக்கம் பழைய தேதி போட்டுப் பத்து ரூபாய் வரவு வைத்து, ஒரு கைநாட்டும் வைத்துவிட்டால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். வருஷா வருஷம் கேட்டுப் பார்ப்பார்.

"நடக்காத தேதி என் கையால வராதுங்க" என்பார் ராஜாங்கம். எதிர் டீக்கடையில் நிற்பவனுக்கும் கேட்கும்படிதான் சொல்வார். மனுஷனுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. இப்படிப்பட்டவன் கல்லாவில் கை வைக்கமாட்டான் என்று முதலாளியும் பேசாமல் போய்விடுவார்.

எண்பத்தேழு செப்டம்பர் பதினேழாம் தேதி, இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. ரோட்டோரப் புளியமரமெல்லாம் நடுரோட்டில் படுத்துக்கொண்டன. சேலத்துக்குப் போன முதலாளி அங்கேயே மாட்டிக்கொண்டார். கடையின் முன்கதவு சாத்தியிருக்க, உள்ளே ராஜாங்கம் மட்டும் பழைய பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மறியல் ஓய்ந்த மறுநாள் நைனார்பாளையத்திலிருந்து தங்கை செவ்வந்தி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணே, மரம் வெட்னான்னு எம் புள்ள தனசேகரன் பேரை போலீஸ்ல எழுதிட்டாங்கண்ணே! கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் இன்னிக்கி நாளைக்கின்னு வந்துக்கினு இருக்கு. கேஸ் வுழுந்தா அம்போதான்!"

"வெட்னானா, இல்லியா?"

"வெட்னான். ஊரே வெட்டுச்சி. இவன் மட்டும் வூட்ல குந்திக்கினு இருப்பானா?"

வேலையில் பங்கு கேட்டு மரம் வெட்டப்போனவனுக்கு, கையில் வந்த வேலை போகப்போகிறது! ராஜாங்கத்துக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. அப்பன் இல்லாத பையன். தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரே அவர்தான்.

குறிப்பேட்டில் பதினேழாம் தேதி காலியாக இருந்தது. எழுதினார். தனசேகரன் பற்று, யூரியா ஆறு மூட்டை, 705 ரூபாய். விற்பனை வரவு, 705 ரூபாய். காலையிலேயே கடைக்கு வந்த பையன், வழி அடைபட்டு மாமா வீட்டிலேயே தங்கிவிட்டான் என்று கதையும் தயார்.

ஆனால் குடோனில் இப்போது ஆறு மூட்டை அதிகம் நிற்குமே. அதை விட்டுவிடுகிற ஆளா அவர்? மாட்டுவண்டி பிடித்து மூட்டைகளை ஏற்றிவிட்டார்.

"கேக்காத யூரியாவை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள் செவ்வந்தி.

"கரும்புக்குப் போடு."

மூட்டை நிஜம், கடன் நிஜம், தேதி மட்டும்தானே பொய் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் குறிப்பேட்டைப் பார்த்தார். "ராஜாங்கம் எழுத்தா? அப்ப சரி" என்று பையன் பேரை அடித்துவிட்டுப் போனார். தனசேகரன் கண்டக்டர் ஆனான். கெடு தாண்டியதும் மாமா அவனையும் விடவில்லை, நோட்டு எழுதி வாங்கினார். கரும்பு வெட்டியதும் வட்டியோடு கடன் தீர்ந்தது.

எண்பத்தொன்பதில் இருபது சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. போராடியவர்களுக்குச் சால்வை போட ஊரில் கூட்டம். பந்தல் செலவு உரக்கடை முதலாளியுடையது. அவர் முதல் வரிசையில் இருந்தார். தனசேகரன் மேடையேறியதும் கீழே ஒருவன், "இவன் அன்னிக்கி யூரியா வாங்கிக்கினு இருந்தவனாச்சே!" என்று கத்தினான்.

பையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய கேஸை இனி யார் கிளறப்போகிறார்கள் என்ற தைரியம் வேறு. மைக்கைப் பிடுங்கினான்.

"யார்ரா சொன்னது? மரத்தை வெட்னவனே நான்தான்! எங்க மாமா ராஜாங்கம் எனக்காகப் பொய்த்தேதி போட்டுக் கணக்கு எழுதினாரு. மொதல் சால்வை அவருக்குத்தான்!"

பந்தலே கை தட்டியது. இழுக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோய்ச் சால்வை போர்த்தினார்கள். ராஜாங்கத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் முதலாளி.

மறுநாள் காலை, சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் முடிவோடுதான் கடைக்குப் போனார். முதலாளி கோபிக்கவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு கட்டு புரோநோட்டை மேஜையில் வைத்தார். எல்லாம் செத்த நோட்டுகள். மேலே இருந்தது கரியாலூர் இருசப்பனுடையது, மலையில் மரவள்ளிக்கு வாங்கிய நாலு மூட்டைக் கடன். போன மாதத்தோடு மூன்று வருஷம் முடிந்திருந்தது.

"பின்னால பத்து ரூபா வரவு வெச்சி, போன வருசத் தேதி போடு. கைநாட்டை நான் பாத்துக்கறேன்."

"முதலாளி, அது வந்துங்க..."

"மருமவனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா ராஜாங்கம்?"

அன்பாகத்தான் கேட்டார். இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதிலை ராஜாங்கம் இனி எந்த வாயால் சொல்வது? நோட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார். முதலாளி அடுத்த நோட்டை எடுத்து வைத்தார்.