ஐந்து மூலை அட்டை

என் மனைவி ஓவிய டீச்சர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கோடு டீச்சர். ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேர்கோடு இழுப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். மூலைக்கு மூலை ஒட்டவில்லை என்று போர்வை மடிக்கும்போது என்னோடு சண்டை. ஆனால் கணக்கு மட்டும் அவளுக்கு வரவே வராது. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை கணக்கில் கோட்டை விட்டு, நான்காவது முறை தட்டுத்தடுமாறிக் கரையேறியவள். இது எனக்கும் அவள் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமையாசிரியை மூன்று மாதத்துக்கு ஆறாம் வகுப்புக் கணக்கை இவள் தலையில் கட்டிவிட்டார். அன்று பேயறைந்த மாதிரி வீடு வந்து சேர்ந்தாள். "எனக்குத் தெரிஞ்சதை வச்சுத்தாங்க நடத்த முடியும்" என்றாள். தெரிந்தது கத்தரிக்கோலும் கலர் பேப்பரும்.

கவராயத்தால் வட்டத்துக்குள் ஆறு இதழ் வரைய வைத்தாள். சிவப்பும் மஞ்சளும் அடித்துக்கொண்டே, மூன்று இதழ் என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் ஒன்று என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். இவளுக்கே அப்போதுதான் பின்னம் புரிந்ததாம்!

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வாயே திறக்க மாட்டாள். இந்த மூன்று மாதத்தில் தேறாவிட்டால் அவளை ஐந்தாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே இறக்கி உட்கார வைத்தால் கணக்கு வந்துவிடுமா? அந்தப் பெண் முதல் நாள் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்: "டீச்சர், நீங்க கணக்குல நல்ல மார்க்கா?" இவள், "ஆமா, நல்ல மார்க்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய் இவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மூன்று மூலை, நான்கு மூலை, ஐந்து மூலை, ஆறு மூலை என்று அட்டைகள் வெட்டிக்கொண்டு போனாள். எல்லாப் பக்கமும் சமம், எல்லா மூலையும் சமம். ஆளுக்கு ஒன்றை எடுத்து, அதேபோல் கலர் பேப்பரில் வெட்டி, இடைவெளி விடாமல் ஒரு தாளை நிரப்ப வேண்டும். ஐந்து மூலையை யாரும் தொடவில்லை. மிச்சமிருந்தது என்று அந்தப் பெண் எடுத்தாள். எல்லோரும் முடித்துவிட்டார்கள். அவள் தாளில் மட்டும் எப்படி ஒட்டினாலும் நடுவில் ஒரு சந்து. "எனக்கு எதுவுமே சரியா வராது டீச்சர்" என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாளாம்.

அன்று மாலை அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் போடுகிறவன் நான். "அஞ்சு மூலை டைல்ஸ் எங்கயாவது பாத்திருக்கியா? அது சேரவே சேராதும்மா."

"ஏன்?"

"ஏன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? சேராது, அவ்ளோதான்."

அவள் சிரிக்கவில்லை. "தப்பா அட்டை வெட்டிக் குடுத்தது நான். குனிஞ்சது அவ தலை" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்துபோனாள். சிரித்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் இவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய், "தப்பு என்னுதும்மா. ஏன் சேரலன்னு எனக்கும் தெரியல. வா, அளந்து பாப்போம்" என்றாள். இருவரும் பாகைமானியோடு உட்கார்ந்தார்கள். ஒரு மூலை நூற்றெட்டு பாகை. சந்து முப்பத்தாறு. அடுத்த சந்தும் முப்பத்தாறு, அதற்கடுத்ததும். அந்தப் பெண் பென்சிலை எடுத்து ஏதோ பெருக்க ஆரம்பித்தாள். இவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார முடிவில் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தார். சுவரில் வரிசையாகத் தாள்கள். ஒன்றின் முன் நின்று, "இது மட்டும் ஏன் தப்பா இருக்கு?" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "தப்பு இல்ல மிஸ். சுத்தி முன்னூத்தி அறுபது வேணும். மூணு நூத்தியெட்டு முன்னூத்தி இருபத்தி நாலு. மிச்சம் முப்பத்தாறு. அதுல இன்னொண்ணு எப்படி நுழையும்?"

தலைமையாசிரியை தாளையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்து எல்லோரும் ஓடியபின் என் மனைவி அந்தப் பெண்ணை நிறுத்தினாள். "அன்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. நான் கணக்குல மூணு தடவை ஃபெயில்."

அந்தப் பெண் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "பரவால்ல, இங்க வந்து உக்காருங்க டீச்சர். நான் சொல்லித் தரேன்" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது என் மனைவி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "உக்காந்தியா?" என்று கேட்டேன்.

"உக்காராம? மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லித் தந்தா."