ஆறு பேரில் யார் மெயின்?

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். பேரப்பிள்ளை எடுத்த பிறகு ஞாபகமும் முன்னே பின்னே ஆகிவிடுகிறது. ஆனாலும் இந்த ஒரு சங்கதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருந்த முதலாளி வீடு அது. என் அம்மா அந்தக் கம்பெனியில் துணி மடிக்கும் வேலை பார்த்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்குள் போய் டிவி பார்க்க எனக்கு உரிமை உண்டு. உரிமை என்றால், தரையில், கதவு ஓரத்தில்.

எண்பதுகளில் டிவியில் வருவதெல்லாம் இந்திதான். ஞாயிறுதோறும் ஒரு பொம்மைப்படம் தொடராகப் போடுவார்கள். மழை இல்லாமல் காடு காய்ந்துபோய், ஆறு பிராணிகள் சேர்ந்து தண்ணீர் தேடிப் போகிற கதை. நரி, கரடி, கொக்கு, முயல், குரங்கு, ஆமை. கதையை நாங்களாகப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். ஒரு வார்த்தை தெரியாது. படம் தொடங்கும்போது ஒரு கிழட்டுக் குரல் செத்த நேரம் பேசும். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் அது டிவிக்காரர் ஏதோ அறிவிக்கிறார் என்று எங்களுக்கு எண்ணம். அந்த நேரத்தில்தான் இடம் பிடிக்கச் சண்டை போடுவோம்.

நாங்களும் ஆறு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பிராணி. முதலாளி மகள் நரி; அவள் என் வகுப்பு. அவள் தம்பி கரடி. மற்ற மூன்றையும் தெருப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஆமை. அது வரிசையில் கடைசியாக வரும், ஒரு நாளும் வாயைத் திறக்காது. எனக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்து இடைவேளையில் இதையே விளையாடுவோம். அதை எங்கள் டீச்சர் பார்த்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கப்போகிற குழந்தைகள் தின விழாவுக்கு இதை நாடகமாகப் போடலாம் என்றார். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை மைதாப் பசையில் முக்கி, கவிழ்த்த சட்டிமேல் ஒட்டிக் காயவைத்து முகமூடி செய்தோம். என் முதுகுக்கு ஒரு ஓட்டைக் கூடை. அதுவரைக்கும் சந்தோஷம்தான். பொறவு டீச்சர் ஒன்று சொன்னார்: எது மெயின் பிராணியோ அந்தப் பிள்ளை முகமூடி இல்லாமல் முதலில் மைக் முன்னால் வந்து கதை முழுவதையும் சொல்லவேண்டும்.

அன்றைக்கே சண்டை ஆரம்பித்தது.

"நரிதான் மெயின். யோசனை எல்லாம் அதுதான சொல்லுது?" என்றாள் முதலாளி மகள்.

"ஒன் யோசனைய வச்சு ஆத்தத் தாண்ட முடியுமா? கரடிதான் மரத்தப் பிடுங்கிப் பாலம் போட்டுச்சு," என்றான் அவள் தம்பி.

கொக்குக்காரி விடவில்லை. மேலே பறந்து வழி பார்க்காவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருப்பார்களாம். முயலாக இருந்தவன், படம் போட்டதும் முதலில் குதிப்பது யார் என்று கேட்டான். குரங்கு இல்லாவிட்டால் சிரிப்பே இல்லை என்றான் குரங்கு. ஆமைக்காக யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டீச்சருக்குக் காது வலித்துவிட்டது போல. "இந்தி தெரிஞ்ச ஆளு யாரையாவது படத்தப் பாக்கச் சொல்லுங்க. அவர் யாரச் சொல்றாரோ அவங்களுக்குத்தான் மைக்," என்று முடித்துவிட்டார்.

எங்கள் தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆள் என் தாய்மாமா. பட்டாளத்தில் இருந்தார், லீவில் வந்திருந்தார். அவர் ஆமையைச் சொல்லிவிட்டால் மைக் எனக்குத்தான் என்று பயந்தேன்.

ஏன் என்று சொல்லவேண்டும். அந்த வருஷம் கொடியேற்றின நாளில் என்னை உறுதிமொழி சொல்ல நிறுத்தினார்கள். முதல் வரியைத் தாண்டவில்லை; நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'பைப்பு'.

அம்மாவுக்கோ வேறு கணக்கு. சனிக்கிழமையே மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஆமைதான் மெயின்னு சொல்லிரு. விழாவுக்கு முதலாளி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வாராக. எம்புள்ள மைக்குல பேசுறத அவிய பாக்கட்டும்."

"பொய் சொல்லச் சொல்லுதியாக்கா?"

"அக்கா மகளுக்காக ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சா போவும்?"

மாமா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில் மாமாவுக்கு நாற்காலி போட்டார்கள். படம் ஆரம்பித்தது. வழக்கம்போல நாங்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டபோது மாமா கையைத் தூக்கி, "சத்தம் போடாதீங்க," என்றார். அந்தக் கிழட்டுக் குரலை ஒரு ஆள் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று திரும்பி, கதவோரம் இருந்த என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

படம் முடிந்ததும் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். "யாரு மெயின், மாமா?"

"ஒருத்தரும் இல்ல. ஆறு பேரும்தான்."

"அதெப்படி? ஒரு ஆளு மெயின் இல்லாமக் கதை இருக்குமா?" முதலாளி மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பட்டாளத்துல நாங்க முப்பது பேரு வரிசையா மலை ஏறுவோம். அதுல யாருலே மெயின்?"

"முன்னாடி போறவரு," என்றான் கரடி.

"முன்னாடி போறவன் வழி பாப்பான். சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டுக் கடைசியா ஒருத்தன் வருவான். அவன் வந்து சேரலன்னா முன்னாடி போனவன் அங்கன நின்னு என்ன செய்ய? காத்தக் குடிக்கவா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது டீச்சரும் ஒத்துக்கொண்டார். மைக்கில் தனியாகப் பேச்சு கிடையாது, ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி என்று ஆனது. அப்பாடா என்று எனக்கு வந்த மூச்சு இருக்கிறதே, அந்த மாதிரி மூச்சு எனக்குப் பிரசவத்திலும் வந்ததில்லை. அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். முதலாளி மகள் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒங்க மாமாவுக்கு இந்தியே தெரியாது. சும்மா கதை விடுதாரு. அப்படித்தான?" எனக்கு இருந்த நிம்மதியில் அவளைப் பகைத்துக்கொள்ள மனசில்லை. "ஆமா, அம்புட்டாத் தெரியாது," என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு நாளில் தெருவே மாமாவைப் பார்த்துச் சிரித்தது. அதற்கடுத்த நாள் மாமாவுக்கு லீவு முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் அம்மா கட்டுச்சோற்றை அவர் கையில் கொடுத்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

விழாவில் என் வரி, "தண்ணி சத்தம் கேக்குது." கூடைக்கு அடியில், முகமூடிக்குள் இருந்து சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று டீச்சர் சொன்னார். பாவாடையும் நனையவில்லை.

எனக்குக் கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, தொண்ணூறுகளின் கடைசியில் அதே படத்தைத் தமிழில் போட்டார்கள். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழட்டுக் குரல் தமிழில் பேசியது. "காடு காய்ந்தபோது நான் சின்னவன். ஆறு பேரில் கடைசியாக நடந்தவன் நான்தான். அதனால்தான் மற்ற ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்."

பின்னல் கையிலிருந்து நழுவிவிட்டது. கடைசி வாரத்தில் அந்தக் கிழட்டு ஆமையையே காட்டினார்கள், குட்டிகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் காலத்தில் அந்த வாரம் தெருவில் கரண்ட் இல்லை.

மாமா அப்போது பட்டாளத்திலிருந்து வந்து மம்சாபுரத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். பஸ் ஏறிப் போனேன். "மாமா, அந்தப் பொம்மைப்படத்துல கதை சொன்னது ஆமைதானாமே? ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

மாமா சர்க்கரைப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குத்தான் இந்தி அம்புட்டாத் தெரியாதே. நீயே தெருவெல்லாம் சொன்னியாம்ல?"

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி மூச்சு தானாக வந்தது என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்; அதை மாமாதான் கொடுத்திருக்கிறார்.

படத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. பார்த்த யாராவது இதைப் படித்தால், பிராணிகள் ஆறா ஏழா, நடுவில் குரங்கு உண்டா என்று சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஆமையை மட்டும் தொடவேண்டாம். அது எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது.