மருதன் சாமியான வெள்ளிக்கிழமை

ராமையாவுக்குச் சிமெண்ட் கல் அடிப்பதைவிட வாயடிப்பது நன்றாக வரும். அறந்தாங்கிப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் ரூமுக்குத் திரும்பியதும், சோறு தின்ற கையோடு மருதன் கதையை எடுத்துவிடுவார்.

மருதன் கிணறு வெட்டுகிறவன். பாறையோடு பேசுவான், பண்ணையாரோடு மல்லுக்கு நிற்பான். அவனுக்கு முதல் ரசிகன் பெஷாவர்க்காரன் குல் ஜமான். ஆறடிப் பட்டாணியன், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. தொண்டிக்காரன் லுக்மான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் சொல்லச் சொல்ல, மருதன் அங்கே அடித்தால் இவன் இங்கே தொடையைத் தட்டுவான். மூன்று பேரும் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிற அளவுக்கு நெருங்கியது இந்தக் கதையால்தான்.

அன்றைக்குக் கதையில் கிணறு சரிந்தது. உள்ளே நின்றவர்களை ஒவ்வொருவராக மேலே ஏற்றிவிட்டு மருதன் மண்ணுக்கடியில் போனான்.

"அந்த இடத்துலயே மருதன் சாமியாயிட்டான்" என்று கதையை முடித்தார் ராமையா.

லுக்மானுக்கு அதன் அர்த்தம் தெரியாமலில்லை. அவன் கைவசம் இருந்த இந்தியில்தான் அதற்கு வார்த்தை இல்லை. அவசரத்தில் "குதா பன் கயா" என்று போட்டுவிட்டான். மருதன் ஆண்டவனாகவே ஆகிவிட்டானாம்!

குல் ஜமானின் முகம் கறுத்தது. "தௌபா, தௌபா" என்று பாவமன்னிப்புக் கேட்டுக் காதைத் தொட்டுக்கொண்டு வெளியே போனவன், வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். ராமையா லுக்மானிடம் என்ன நடந்ததென்று கேட்டார்.

"அண்ணே, மருதன் செத்துட்டான்னு மட்டும் சொல்லி முடிச்சிருங்க" என்றான் லுக்மான். "எங்களுக்கு மனுஷன் எவ்வளவு பெரியவனானாலும் மனுஷன்தான்."

"எங்க சாமி மேல இருந்து வர்றதில்ல, லுக்மான். நம்ம கூடக் கஞ்சி குடிச்சவன்தான் சாமியாவான். கோவம் வந்தா அவனைத் திட்டவும் திட்டுவோம்."

"கதைதானேண்ணே, மாத்துனா என்ன?"

"மாத்த முடியாது. மருதன் என் கூடப்பிறந்தவன்." ராமையா தாம்பாளத்தை ஒதுக்கிவைத்தார். "கடைசியா மேல ஏத்திவிட்டது என்னைத்தான். அந்தக் கிணத்தடியில விளக்கு வச்சுக் கும்பிடுறோம். சாமியில்லேன்னா, அவன் சும்மா செத்துப்போனவன்தானே?"

லுக்மான் எழுந்து வாசலுக்குப் போனான். இந்தத் தடவை சாமி, குதா என்று எதையும் இழுக்கவில்லை. மண் சரிந்ததையும், மருதன் கடைசியாக மேலே ஏற்றிவிட்ட கூடப்பிறந்தவர் ராமையாதான் என்பதையும் மட்டும் சொன்னான்.

குல் ஜமான் உள்ளே வந்து ராமையாவின் எதிரில் உட்கார்ந்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான்.

"மண்ணுல புதைஞ்சு போனவன் ஷஹீதாம், உயிர்த்தியாகியாம்" என்றான் லுக்மான். "சாமின்னு அவரால சொல்ல முடியாதாம்ணே. ஆனா செத்துப்போனவன்னு யாரும் சொல்லக் கூடாதாம்."

ராமையா வெட்கப்படாமல் அழுதார். அழுது முடிக்கும்வரை காத்திருந்த பட்டாணியன், லுக்மானை முழங்கையால் இடித்து மறுபடியும் ஏதோ கேட்டான்.

"அப்புறம் மருதன் என்ன செஞ்சான்னு கேக்குறாருண்ணே."