நோன்பு வைத்த சிங்கம்

பஞ்சாபின் குஜ்ரான்வாலாவில் பாத்திரத் தொழிற்சாலை வைத்திருக்கும் சௌத்ரி தன்வீர் வீட்டில் அல்லாதித்தா இருபது வருஷம் எருமைகளைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் சௌத்ரி கையில் ஒரு சிங்கக்குட்டியோடு காரை விட்டு இறங்கினார்.

"எருமையையே அடக்குற ஆளு நீ. இதையும் பாத்துக்க" என்றார்.

அவ்வளவுதான் பயிற்சி. குட்டிக்கு நவாப் என்று பெயர் வைத்தார்கள். அல்லாதித்தா அதற்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். நாலு வருஷத்தில் அதன் தலை கல்யாணச் சோற்று அண்டாவின் மூடி அளவுக்கு வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள், "நல்லாப் பழகிடுச்சு போல" என்பார்கள். "பழகிடுச்சுன்னு சொல்லாதீங்க. இப்பப் பசியில்லைன்னு சொல்லுங்க" என்பார் அவர். அவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று சிரிப்பார்கள்.

நவாப்புக்கு இரை போடுவது மத்தியானம் இரண்டு மணிக்கு. இடது கையில் வாளி, வலது கையால் "பிஸ்மில்லா" சொல்லி ஒவ்வொரு துண்டாக எறிவார். போன ரம்ஜான் கடும் வெயிலில் வந்தது. நோன்போடு உச்சி வெயிலில் இறைச்சி வெட்டியதில் இரண்டாம் நாளே அவருக்குத் தலை சுற்றியது. அதனால் இரையை மாலைக்கு மாற்றினார். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வாளியோடு கூண்டுக்குப் போவார். முதலில் நவாப் இரண்டு மணியிலிருந்து கம்பியை உலுக்கியது. பத்தாம் நோன்புக்குள் அடங்கிவிட்டது. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும். மாலைப் பாங்கின் முதல் சொல் காதில் விழுந்ததும் எழுந்து கம்பியோரம் வந்து நிற்கும்.

நோன்பு திறக்க வந்த விருந்தாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். "எங்க வீட்டுச் சிங்கம்கூட நோன்பு வெக்குது" என்றார் சௌத்ரி. எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அல்லாதித்தாவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பள்ளிவாசலில் இமாம் மௌல்வி இனாயத்திடம் சொன்னார்.

இமாம் சொன்னார்: "நோன்பு மனுசனுக்குப்பா. அதுக்கு வெறும் பசி."

பெருநாள் முடிந்ததும் அல்லாதித்தா இரையைப் பழையபடி இரண்டு மணிக்கு மாற்றினார். நவாப் இரண்டு மணிக்கும் தின்றது. மாலைப் பாங்குக்கும் எழுந்து கம்பியோரம் வந்து அவருடைய இடது கையைப் பார்த்தது. அப்போதே அல்லாதித்தா நாட்களை எண்ணிப் பார்த்தார்.

ஏனென்றால் அடுத்த வாரம் சௌத்ரியின் இளைய மகன் ஹம்சாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நவாப் திறந்த வண்டியில் போகும் என்று முடிவாகியிருந்தது. மண்டப வாசலில் சௌத்ரியின் பேத்தி மினாஹிலை அதன் முதுகில் உட்கார வைத்துப் படம் எடுப்பது என்பதும் முடிவு. மினாஹிலுக்கு நாலு வயது.

"நவாப்பை வீட்டுலயே விட்டுடலாம் சௌத்ரி சாப்" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஏன், அதுக்குக் கல்யாணச் சாப்பாடு பிடிக்காதா?"

"மாலைப் பாங்கு சொன்னா அதுக்குப் பசிக்கும்."

"ஊர்வலம் மூணு மணிக்குக் கிளம்புது. நாலு மணிக்கு மண்டபம். பாங்குக்குள்ள அது வீட்டுக்கு வந்திடும்."

பஞ்சாபில் எந்த மாப்பிள்ளை ஊர்வலமாவது சொன்ன நேரத்துக்குப் போனதாக அல்லாதித்தாவுக்கு நினைவில்லை. "அப்ப ரெண்டு மணிக்கு இரை போட்டுட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

"தின்னா தூங்கிடும். வந்தவங்க தூங்குற சிங்கத்தையா பாப்பாங்க? அன்னைக்கு ஒண்ணும் போடாத."

"வாளியையாவது வண்டியில வெச்சுக்கறேன்."

"பூ அலங்காரம் பண்ணின வண்டி அல்லாதித்தா. ஈ மொய்க்கும்."

வீட்டில் மனைவி நஸீரனிடம் சொன்னார். "முடியாதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்றாள் அவள்.

"நான் போகலைன்னா சங்கிலியை டிரைவர் பிடிப்பான். அவனுக்கு அதோட முகத்தைப் பாத்து ஒண்ணும் சொல்லத் தெரியாது."

"உனக்கு மட்டும் தெரியும். நாலு வருஷமா என் முகத்தை நீ பாத்தியா?"

சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு அவர் போடப்போகும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று ஊர்வலம் ஐந்து மணிக்குக் கிளம்பியது. மாப்பிள்ளையின் அக்காமார் வழியை மறித்து அன்பளிப்பு கேட்டார்கள். மாப்பிள்ளையின் தலையில் கட்டிய பூச்சரம் ஒரு முறை அவிழ்ந்தது. தெருமுனைக்குத் தெருமுனை மேளக்காரர்கள் நின்று அடிக்க, மாமன்மார் நின்று ஆடினார்கள். அல்லாதித்தா வண்டியின் பின்பக்கம் நின்று, சங்கிலியை வலது கையில் சுற்றிக்கொண்டு, சூரியனையே பார்த்துக்கொண்டு போனார். யாரோ அவர் கழுத்திலும் ஒரு மாலை போட்டார்கள்.

மண்டபத்தை அடைந்தபோது வெயில் மதில் மேல்தான் இருந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். ஹம்சாவின் அண்ணன் மினாஹிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜரிகைப் பாவாடை, கையில் பாதி தின்ற லட்டு.

"ஐயா, தொழுகை முடியட்டும். அப்புறம் எடுக்கலாம்" என்றார் அல்லாதித்தா.

"வெளிச்சம் போயிடும் சாச்சா" என்றார் அண்ணன்.

"ஒரே ஒரு நிமிஷம்தான்" என்று சௌத்ரி கீழேயிருந்து சொன்னார்.

அந்த நிமிஷத்தில் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. மேளக்காரர்கள் மரியாதையாக மேளத்தை நிறுத்தினார்கள். பெண்கள் தலைக்கு முக்காடு போட்டார்கள். நவாப் எழுந்து நின்றது.

அது கோபப்படவில்லை, உறுமவும் இல்லை. இரண்டு மணிக்கும் அதற்கு ஒன்றும் போடவில்லை. அது வாளியைத் தேடியது. வாளி இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு சின்னக் கால் தொங்கிக்கொண்டிருந்தது. அல்லாதித்தா குழந்தைக்கு முன்னால் நகர்ந்தார். "பிஸ்மில்லா" என்று சொல்லி, எப்போதும் வாளி பிடிக்கும் இடது கையை நீட்டினார். நவாப் அதை வாங்கிக்கொண்டது.

மேளம் நின்றிருந்ததால் எலும்பு முறிந்த சத்தம் வாசல் வரை கேட்டது. மண்டபத்துச் சமையல்காரர் ஒருவர் பச்சை ஆட்டுத்தொடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வண்டிக்குள் எறிந்தார். நவாப் கையை விட்டுவிட்டுத் தொடைக்குப் போனது. அல்லாதித்தா சங்கிலியை வண்டிக் கம்பியில் மாட்டிப் பூட்டிய பிறகுதான் கீழே உட்கார்ந்தார். மினாஹில் லட்டு மண்ணில் விழுந்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தாள்.

மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். சௌத்ரி பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "முப்பது நோன்பு வெச்ச பிராணி. என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார்.

"ஒண்ணும் ஆகல சௌத்ரி சாப். பாங்கு சொன்னாங்க, அது வந்துச்சு."

வனவிலங்குத் துறைக்காரர்கள் நவாப்பைக் கொண்டுபோகும் முன் வந்து விசாரித்தார்கள். "இதுக்கு முன்னால யாரையாவது கடிச்சிருக்கா?"

"இதுக்கு முன்னால சாப்பாட்டு நேரம் தப்பினதில்லை" என்றார் அல்லாதித்தா. அவர்கள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் இமாம் உட்கார்ந்திருந்தார்.

"விரல் நுனியிலேருந்து முழங்கை வரைக்கும் கழுவணும்னு இருக்கே. எனக்கு இங்கேயே முடிஞ்சு போச்சு" என்று கையைக் காட்டினார்.

"இருக்கிறதைக் கழுவு. இல்லாததைப் பத்தி உன்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க."

அல்லாதித்தா இடது சட்டைக் கையை மேலே ஏற்றினார். "பாங்குக்கு எழுந்திருக்க அதைப் பழக்கினது நான்தான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னைக் கேட்டிருப்பாங்க இல்ல?"

"கேட்டிருப்பாங்க" என்றார் இமாம். தொட்டு ஆறுதல் சொல்லும் ஆள் இல்லை அவர், குழாயைத் திறந்துவிட்டார்.

அல்லாதித்தா வலது கையை மூன்று முறை கழுவினார். பிறகு இடது கையை, இருந்த வரைக்கும், மூன்று முறை கழுவினார். அதற்கு நேரம் கொஞ்சம் குறைவாகவே பிடித்தது.