லேமினேஷன் போட்ட நெகட்டிவ்

எண்ணூர் சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டு வாசலில் என் டீக்கடை. துறைமுகத்துக்குள் போவதற்காக டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். சில நாள் பொழுது விடிந்து பொழுது போனாலும் நகராது. வேலையில்லாமல் நிற்கிற டிரைவர் எங்கெங்கே போவான் என்று எனக்குத் தெரியும். செங்கொடிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செங்கொடி வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி. எச்.ஐ.வி. தடுப்பு ஆலோசகர். பதினான்கு வருடமாக இந்த வரிசையில் வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறாள். கேபினில் உட்கார்ந்து மரக்கட்டையை எடுத்து, ஆணுறையை எப்படி மாட்டுவது என்று கூசாமல் காட்டுவாள். எவன் சிரிக்கிறானோ அவனைத்தான் முதலில் மாட்டச் சொல்வாள். யார்டு மேனேஜர் ஒருமுறை, "பொம்பளை செய்யற வேலையா இது?" என்று கேட்டார். "ஆம்பளைங்க ஒயுங்கா இருந்தா நான் இன்னாத்துக்கு சார் வரப்போறேன்?" என்றாள். அதற்கப்புறம் அவர் அவள் இருக்கும் பக்கம் தலை காட்டுவதில்லை. எனக்கு அதில் பரம திருப்தி.

டிரைவர்கள் கையில் எந்தக் காகிதம் வந்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. கொடுக்கும் எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். போலீஸ் மடக்கினால் நீட்ட வேண்டுமே. குணசேகரன் அந்த ஃபைலில் இன்னொன்றையும் வைத்திருந்தான். போன வருடம் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டு. நெகட்டிவ். போகிற ஊரில் பெண்களிடம் அதைக் காட்டித்தான் உறை வேண்டாம் என்று சாதிப்பானாம். இதை என் கடையிலேயே பெருமையாகச் சொன்னான். பத்து நாளில் அவனுக்குக் கல்யாணம் வேறு.

அன்று காலை பரிசோதனை வண்டி யார்டுக்கு வந்திருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த குணசேகரனிடம், "கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடு நைனா" என்றாள் செங்கொடி.

அவன் அந்த நெகட்டிவ் அட்டையை எடுத்து எல்லார் முன்னாலும் ஆட்டினான். "யக்கா, நம்ம எஃப்.சி. பக்காவா கீது. சும்மா பேஜார் பண்ணாத."

"எஃப்.சி. வாங்குன மறுநாளே பிரேக் புடிக்காம பூடாது? அது அன்னிக்கு வரைக்குந்தான். அதுக்கப்பால நீ சுத்துனதுக்கு அது இன்னா சொல்லும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உனுக்கு இன்னா தெரியும்? பேசுறதுக்கு சம்பளம் வாங்குற. வந்துட்டா, பாடம் நடத்த."

செங்கொடி தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். அதுவும் லேமினேஷன்தான். பழுத்து மஞ்சளாகியிருந்தது.

"என் வூட்டுக்காரு பகலவன். உன்னாட்டம் டிரெய்லர் ஓட்டுனவருதான். இத்தக் காட்டிதான் தனக்கு ஒண்ணியும் இல்லன்னாரு. நம்பிட்டேன். சீட்டு இன்னும் நெகட்டிவாத்தான் கீது. அவுரு மூலக்கொத்தளத்துல பொதஞ்சு கீறாரு. நான் பதினேயு வருசமா தெனிக்கும் மாத்திரை போட்டுகினு உன் முன்னாடி நிக்கிறேன். போதுமா, இன்னும் தெரியணுமா?"

இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வரிசை நகர ஆரம்பித்தது. இடம் போனால் மறுபடி கடைசியில்தான் நிற்க வேண்டும். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. குணசேகரன் தன் வண்டியைப் பார்த்தான், அந்த மஞ்சள் அட்டையைப் பார்த்தான், பிறகு பரிசோதனை வண்டிப் பக்கம் நடந்தான். இருபது வண்டிகள் அவனைத் தாண்டிப் போயின.

"பாய், ஒரு டீ" என்றாள் செங்கொடி.

என் கை பேப்பர் கப்புக்குப் போனது. நான் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போனது. அவள் பார்த்துவிட்டாள்.

"பதினாலு வருசமா எதுல குடுத்தியோ அதுல குடு அத்தாவுல்லா பாய். டீயில தொத்தாதுன்னு போன வாரம் ஆந்திரா டிரைவருக்கு எடுத்துச் சொன்னது நீதானே?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் சொல்லிக்கொடுத்து, அவள் குரலிலேயே சொன்னேன். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கண்ணாடி கிளாஸில் ஊற்றி, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று நிதானமாகக் குடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் குணசேகரன் வந்தான். ரிசல்ட் என்ன என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கெயம பொண்ணையும் இட்டுகினு வரேங்க்கா. ரெண்டு பேருக்கும் நீயே சொல்லு" என்றான். ஃபைலிலிருந்து அந்த அட்டையை உருவி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வரிசையின் கடைசிக்கு வண்டியைத் திருப்பப் போனான்.

செங்கொடி இன்னொரு டீ கேட்டாள். நான் கண்ணாடி கிளாஸில் கொடுத்தேன். அவள் அதைக் குணசேகரனின் அட்டைமேல் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.